நுரை பூசிய பலூன்கள்

சலூனைத் திறந்ததும் துண்டுகளை மடித்து அடுக்குவேன். ஆறு மாதமாக இதுதான் என் உத்தியோகம். இரண்டு நாற்காலிகளில் ஜன்னலோரம் இருப்பது என்னுடையது. இருபது வருடம் அதன் பின்னால்தான் நின்றேன். இப்போது காத்திருப்பவர்கள் அதில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் என் மச்சினன், மனைவியின் தம்பி, ஓய்வில்லாமல் வேலை செய்கிறான்.

புற்றுநோய் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று வீட்டில் எல்லோரும் அழுதார்கள். நான் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நின்றுகொண்டிருந்தேன். மருந்து, நோயோடு சேர்த்து விரல் நுனிகளின் உணர்ச்சியையும் கொண்டுபோயிருந்தது. திரும்ப வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். உயிர் பிழைத்ததே பெரிசு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். நானும் தலையாட்டி வைத்தேன். மரத்துப்போனது விரல் மட்டும் இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது? சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, சந்தோஷம் மட்டும் வரவில்லை.

முன்பெல்லாம் என் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் தூங்கிவிடுவார்கள். கழுத்தில் கத்தி இருக்கும்போது ஒருவன் குறட்டை விடுகிறான் என்றால், எங்கள் தொழிலில் அதைவிடப் பெரிய பட்டம் இல்லை. சிகிச்சை முடிந்து கடைக்கு வந்த முதல் வாரம், ஒரு வாத்தியாரின் முகத்தில் வெந்நீர்த் துண்டைப் போட்டேன். என் கைக்குச் சூடு தெரியவில்லை. மனிதர் துள்ளி எழுந்துவிட்டார். கன்னம் சிவந்திருந்தது. பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டே போனவர் அப்புறம் இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அன்று மச்சினன் என் கத்தியை எடுத்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டான். நான் பார்க்காத மாதிரி துண்டு மடித்தேன்.

தொழில் கற்றபோது பலூனில் நுரை பூசி வழித்துத்தான் எனக்குக் கை பழகியது. எப்போதோ சொன்னதை நினைவில் வைத்திருந்த மனைவி, ஒருநாள் காலை ஒரு பாக்கெட் பலூனும் புதுக் கத்தியும் வாங்கி வந்தாள். ஊதிக் கட்டி, தன் இரண்டு கையாலும் பிடித்து நீட்டினாள். முதல் நாள் ஏழு வெடித்தன. கத்தி எவ்வளவு அழுந்துகிறது என்று விரல் சொன்னால்தானே!

"இந்த மூச்சுக்கு ஒரு பஸ் டயரையே நிரப்பியிருக்கலாங்க," என்றாள், மூக்கெல்லாம் நுரையோடு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த பலூனை ஊத ஆரம்பித்தாள்.

இரண்டாவது மாதம்தான் அந்தச் சத்தத்தைக் கவனித்தேன். கத்தி லேசாகப் போனால் சர்ரென்று கேட்கும், அழுந்தினால் சத்தம் தடித்துவிடும். விரல் சொல்லாததைக் காது சொன்னது. துண்டின் சூட்டை முழங்கை மடிப்பில் வைத்துப் பார்த்தேன். வெடிக்காத பலூன்கள் கட்டிலுக்கு அடியில் சேரத் தொடங்கின.

நேற்று மதியம் கடையில் ஆளில்லை. மச்சினன் ரேடியோவை அணைத்தான். விசிறியையும் நிறுத்தினான். என் கத்தியில் புது பிளேடு போட்டு என் முன்னால் வைத்துவிட்டு, ஜன்னலோர நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். மூன்று நாள் தாடி இருந்தது.

"அக்கா எல்லாம் சொல்லிச்சு. எடுங்க மாமா."

"பட்டுடுச்சுன்னா என்ன பண்றது மாப்ளே?"

"பலூன் மாதிரி வெடிச்சா போயிடுவேன்? துடைச்சுக்கலாம்."

வாய்தான் பேசியது. இரண்டு கையும் நாற்காலிப் பிடியை இறுக்கியிருந்தன.

துண்டை முழங்கையில் பார்த்துவிட்டுப் போட்டேன். நுரை பூசினேன். வலது கன்னத்தில் முதல் இழுப்பு சர்ரென்று போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அடுத்ததை இழுத்தேன். கன்னங்கள் முடிந்து தாடையைத் தாண்டிக் கழுத்துக்கு வந்தபோது, பிடியிலிருந்த அவன் கை ஒன்று நழுவி மடியில் விழுந்தது. வாய் லேசாகத் திறந்துகொண்டது. குறட்டை வந்தது.

அந்தச் சத்தத்தில் கத்தியின் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகோ, வயிற்றிலிருந்து வந்தது. கை ஆடிவிடக் கூடாதே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு, கத்தியை அவன் கழுத்துக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். யாரோ கதவைத் திறந்தார்கள். உஷ் என்று சைகை காட்டிவிட்டு, அந்தக் குறட்டை முடியட்டும் என்று காத்து நின்றேன்.