கைநாட்டுச் சுவர்

மாதா கோயிலின் நூற்றாண்டு மலரில் ஒரே ஒரு வரிக்காக அவள் மூன்று வாரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்: “இந்தக் கோயிலைக் கட்டியவர்கள் எங்கள் தெருக்காரர்கள்.” வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் என்று பங்கின் வரலாற்றை எழுதச் சொன்னவர் பங்குச் சாமியார். அந்த வரியின் மேல் சிவப்புக் கோடு இழுத்தவர் மலர்க்குழுச் செயலர். வாசல் கல்வெட்டில் இருப்பதெல்லாம் இடமும் மரமும் கொடுத்த பதினோரு குடும்பங்கள்தான். கல் சுமந்தவர்கள் காற்றோடு போய்விட்டார்கள்.

“ஆதாரம் காட்டும்மா, சேத்துக்கலாம். உங்க ஆளுங்க எல்லாம் கைநாட்டு. எழுதியா வச்சிருக்கப் போறாங்க?” செயலர் இன்று கோயிலுக்குள் வைத்தே கேட்டார். சாயங்காலம் மலர் அச்சுக்குப் போகிறது.

கைநாட்டு. மதிப்பெண் அட்டையில் அம்மா பெருவிரல் வைத்ததைப் பார்த்து வகுப்பே சிரித்த நாளிலிருந்து அந்தச் சொல் அவளைச் சுட்டுக்கொண்டிருந்தது.

பீடத்துக்குப் பின்னாலிருந்து அம்மா கூப்பிட்டாள். வெள்ளையடிப்பு வேலைக்கு வந்த சித்தாள் அவள். காலையிலிருந்து பழைய வெள்ளையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

“ஏய் பட்டதாரி, இங்க வா. தொடாம பாரு.”

சுவரெங்கும் சின்னச் சின்னக் குழிகள். கிட்டப் போய்ப் பார்த்தாள். பெருவிரல்கள். ரேகைகூட அழியவில்லை. எண்ணத் தொடங்கி நூற்று நாற்பதில் தவறவிட்டாள். அம்மா சாரத்தில் ஏறிச் சுரண்டியிருந்த உயரம் வரை மேலே போய்க்கொண்டே இருந்தன. ஒரு பெரிய விரலை ஒட்டி மொச்சைக்கொட்டை அளவில் இன்னொன்று. எவளோ இடுப்புப் பிள்ளையோடு வேலைக்கு வந்திருக்கிறாள்.

“எவனாவது விளையாட்டுக்கு வச்சிருப்பான்,” பின்னாலேயே வந்த செயலர் சொன்னார்.

“காஞ்ச சுவத்துல விரல் பதியாதுங்க. சுண்ணாம்பு ஈரமா இருக்கும்போதே வச்சது. கட்டுன அன்னிக்கு வச்சது,” என்றாள் அம்மா.

“சரி, உங்க ஆளுங்கதான்னு எப்படிச் சொல்றது?”

“எழுதத் தெரிஞ்சவங்க எதுக்கு சார் பெருவிரலை வைக்கிறாங்க?” என்றாள் மகள்.

செயலர் அண்ணாந்து பார்த்தார். “அத்தனையும் கைநா…” என்றவர் மிச்சத்தை விழுங்கிக்கொண்டார். “அந்த வரி இருக்கட்டும்மா,” என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. மூன்று வாரக் கோபத்தைத் தேடினால் கிடைக்கவில்லை. இந்தச் சுவரைப் பார்த்துத்தான் நூறு வருடமாகப் பங்கே முழங்கால் போட்டிருக்கிறது, அந்தப் பதினோரு குடும்பங்களையும் சேர்த்து.

அம்மா சுரண்டியைக் கீழே வைத்தாள்.

“சாமியாரைக் கூட்டிட்டு வா. இந்த விரலுங்க மேல வெள்ளையடிக்க என்னால ஆகாது.”