புழு தின்ற முட்டைக்கோஸின் விலை

கட்கியில் எங்கள் சர்ச் அறுப்புப் பண்டிகைக்கு ஆராதனையைவிட ஏலத்துக்குத்தான் கூட்டம் அதிகம். வீட்டில் விளைந்ததைக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைப்போம், அப்புறம் அதையே நாங்களே ஏலத்தில் எடுப்போம். இரண்டு வருடமாகச் சத்தியவதியின் முட்டைக்கோஸ்தான் எல்லாவற்றையும்விட அதிக விலைக்குப் போகிறது. அவள் எனக்குப் பக்கத்து பெஞ்சு. ஞாயிறு தவறாமல் என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பாள் பாருங்கள், பற்றிக்கொண்டு வரும். இந்த வருடம் அவளைத் தோற்கடிக்காவிட்டால் என் பெயர் ஜெரால்டின் இல்லை என்று சபதம் எடுத்து, மொட்டை மாடித் தொட்டியில் ஒரு முட்டைக்கோஸை வளர்த்தேன்.

என் சபதம் புழுக்களுக்கு எப்படித் தெரிந்ததோ, பச்சைப் பச்சையாக வந்து பந்தியில் உட்கார்ந்துவிட்டன. போபோடியில் விதைக்கடை வைத்திருக்கும் மகாதேவனிடம் ஓடினேன். ஒரு வெள்ளைப் பவுடர் டப்பாவை எடுத்து வைத்தார்.

"இது மண்ணுல இருக்கிற பாக்டீரியாக்கா. தண்ணியில கலக்கி இலையில அடிங்க. அதைத் தின்னா புழுவுக்கு வயிறு கெட்டுடும். அப்புறம் வாயையே தொறக்காது. ரெண்டு மூணு நாள்ல செத்துடும். வெயில் ஆகாது, சாயங்காலமா அடிக்கணும்."

வாயையே திறக்காது என்றதும் எனக்குச் சத்தியவதி ஞாபகம் வந்தது. மனுஷர்களை ஒன்றும் செய்யாதாம். சரி, போகட்டும் என்று புழுவுக்கு மட்டும் வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் கஞ்சி போலக் கெட்டியாகக் கலக்கி, இலையெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தெரிகிற மாதிரி அடித்துவிட்டு பாட்டுப் பயிற்சிக்குப் போனேன். நாலு நாள் கழித்துப் பார்த்தால் புழுக்கள் கொழுகொழுவென்று இருக்கின்றன! மறுபடி அடித்தேன். மறுபடி கொழுத்தன.

"என்னய்யா பாக்டீரியா விக்கிறே? டானிக்கா அது?" என்று மகாதேவனைக் கடையிலேயே பிடித்து உலுக்கினேன்.

"மழை பெஞ்சுதாக்கா?"

"ஒரு சொட்டு இல்ல!"

மூன்றாம் முறை அடித்துவிட்டுக் கிளம்பியவள், பாட்டுப் புத்தகத்தை மறந்துவிட்டதால் பாதி வழியில் திரும்பினேன். மாடியில் சளசளவென்று சத்தம். ஏறிப் பார்த்தால், வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரர் நார்மன், ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு என் முட்டைக்கோஸைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார்!

"ஐயோ, என்னங்க பண்றீங்க!"

"கிட்ட வராத ஜெரி! பவுடர் சிந்தியிருக்கு. யாரோ அடிக்கடி வந்து கொட்டிட்டுப் போறாங்க. நான்தான் கழுவி விட்டுட்டிருக்கேன்."

இவர் வெடிமருந்துத் தொழிற்சாலையில் பவுடர் பிரிவு. அங்கே பவுடர் சிந்தினால் முதலில் தண்ணீர், அப்புறம்தான் கேள்வி. முப்பது வருடப் பழக்கம். அதற்காக முட்டைக்கோஸ் வெடிக்குமா? இந்த மனுஷனை என்ன செய்தால் தகும்! தொண்டை வற்றும்வரை கத்தினேன். அவர் குழாயைக் கீழே போடக்கூடத் தோன்றாமல், தன் செருப்பின் மேலேயே தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

நாலாம் முறை, அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு அடித்தேன். மகாதேவன் சொன்னபடியே புழுக்கள் வாயை மூடின, செத்தும் போயின. ஆனால் அதற்குள் முட்டைக்கோஸ் சல்லடையாகிவிட்டது. காணிக்கை என்று நேர்ந்த பிறகு கொண்டுபோகாமல் இருக்க முடியுமா?

சத்தியவதியுடையது எக்கச்சக்க விலைக்குப் போனது. அடுத்து என்னுடையதை ஏலக்காரன் அலன் தூக்கிக் காட்டியதும் ஓட்டை வழியாக அவன் முகமே தெரிந்தது. சர்ச்சே சிரித்தது. சத்தியவதி என்னைப் பார்த்து அதே சிரிப்பைச் சிரித்தாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"நூறு!" என்று ஒரு குரல். பார்த்தால் நார்மன். ஏலத்தில் ஒரு நாளும் வாயைத் திறக்காத மனுஷன்.

"நூறு ஒரு தரம், ரெண்டு தரம்…"

"இருநூறு!"

"அங்கிள், நூறு கேட்டதும் நீங்கதானே?" என்றான் அலன்.

"தெரியும்பா. அதுக்கு மேல கேக்கறேன். முந்நூறு!"

எதிர்த்துக் கேட்க ஆளே இல்லை. தனக்குத் தானே போட்டி போட்டு ஏற்றிக்கொண்டே போகிறார்! எனக்கு மானம் போயிற்று. "உட்காருங்க, பைத்தியமா உங்களுக்கு?" என்று சட்டையைப் பிடித்து இழுத்தேன். கண்ணெல்லாம் கலங்கி நின்றாரே தவிர உட்காரவில்லை. ஒருவழியாகச் சத்தியவதியின் முட்டைக்கோஸ் போன விலைக்குச் சரிசமமாக வந்ததும்தான் நிறுத்தினார். அலன் ஒரு தரம் என்றான், ரெண்டு தரம் என்றான்.

நான் இவர் விலாவில் ஓங்கி ஒரு இடி இடித்தேன்.

"நிறுத்திட்டீங்களே, இன்னும் ஒரு நூறு ஏத்துங்க!"