நடுவில் படுத்திருந்தவள்

விளக்கை அணைப்பதற்கு முன்னால் அவர் நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே சொன்னார்: "மேடம், உங்கம்மாகிட்ட சொல்லுங்க. நாளைக்கு நான் சீக்கிரம் கிளம்பணும். ஆஸ்பத்திரி லிஃப்ட் நடு மாடியில நின்னுபோச்சாம், போய் ரிப்பேர் பண்ணணும்."

கட்டிலின் மறு ஓரத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்த மனைவி, கையைப் பின்னால் நீட்டி நாயின் முதுகைத் தடவினாள். "மேடம், உங்கப்பாகிட்ட சொல்லு. டப்பா கட்டி வைக்கிறேன். பிளாஸ்க்கைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லு. போன தடவை வேலை நடந்த இடத்துலயே வச்சிட்டு வந்துட்டாரு."

மேடம் யாருக்கு எந்தச் சேதியைச் சொல்ல வேண்டும் என்று கவலைப்படாமல் கொட்டாவி விட்டது. பழுப்பு நிறப் பெண்நாய். கட்டிலின் நட்டநடுவில், முதுகு அவளுக்கும் கால்கள் அவருக்குமாக நீட்டிப் படுப்பது அதன் வழக்கம். கால்கள் அவர் விலாவில் முட்டும். முதுகின் சூடு அவள் இடுப்பில் படும். அந்த வீட்டில் இரவு முழுக்க அவள்மேல் படுகிற சூடு அது ஒன்றுதான்.

மகள் கல்லூரியில் படிக்கும்போது மழைநாள் ஒன்றில் கோட்டுக்குள் ஒளித்துக் கொண்டுவந்த குட்டி. வந்த அன்றே நாற்காலியில் ஏறி உட்கார்ந்து எல்லாரையும் மேலும் கீழும் பார்த்ததால் 'மேடம்' என்று பெயர் விழுந்தது. மகள் கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போன இரவு, மூடிக் கிடந்த அவள் அறை வாசலில் உட்கார்ந்து அது அழுதது. "ஒரு ராத்திரிதானே" என்று அவர்தான் தூக்கிவந்து கட்டிலில் விட்டார். அதன்பிறகு அது இறங்கவில்லை.

நாய் வழியாகப் பேசுவதும் அப்போது விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. மகள் போன வீட்டில் சிரிப்பதற்கு வேறு எதுவும் இருக்கவில்லை. "மேடம், உங்கம்மா இன்னிக்கு டீயில சர்க்கரை போட மறந்துட்டாங்க" என்பார் அவர். "மேடம், உங்கப்பாவுக்கு அது தெரிய அரை கப் ஆயிடுச்சு பாரு" என்பாள் அவள். போகப் போகச் சிரிப்பு மட்டும் கழன்று விழுந்துவிட்டது, பழக்கம் தங்கிவிட்டது. நாய்க்கு 'ங்க' போட்டுப் பேசுகிறவர், மனைவியிடம் முகம் கொடுத்துப் பேசியது கடைசியாக எப்போது என்று அவளுக்கு நினைவில்லை. சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் சமாதானம் என்று ஒன்று வந்திருக்கும்.

அவருடைய அக்கா எப்போதாவது வருவாள். படுக்கையறையை எட்டிப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வாள். "நாயைக் கட்டில்ல ஏத்திட்டு நீங்க ரெண்டு பேரும் ஓரத்துல தொங்கறீங்க. வாடகை யாரு யாருக்குக் குடுக்கறீங்க?" நாத்தனாரின் கேலிக்கு இருவரும் சிரிப்பார்கள். இருவரும் நாயைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. புதுக் கண்ணாடியை மாட்டி, காதோரம் விரலை விட்டுப் பார்த்து, சட்டத்தை லேசாகச் சூடாக்கி வளைத்து, மறுபடி மாட்டிவிடுவாள். "வலிக்குதா? இப்ப சரியா இருக்கா? குனிஞ்சு பாருங்க, நழுவுதா?" முன்பின் தெரியாதவர்களின் முகத்தை நாள் முழுக்கத் தொட்டுத் தொட்டுக் கேட்கிற கேள்விகள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது, தன்னிடம் இந்தக் கேள்விகளைக் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள் என்று சில நாள் நினைத்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்ததும் மேடத்தைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டுவாள். பதில் வேண்டாம், கேட்க ஒரு காது இருந்தால் போதும் என்ற இடத்துக்குத் தான் எப்போது வந்து சேர்ந்தோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அந்த நாட்களில் படுக்கை விரிப்பில் ஈரக் கறை தெரிய ஆரம்பித்தது. "வயசாயிடுச்சுடி உனக்கு" என்று முணுமுணுத்தபடி அவள் விரிப்பை உருவித் துவைத்துப் போட்டாள். "உங்கப்பாகிட்ட சொல்லு, உன்னை அடிக்கடி வெளிய கூட்டிட்டுப் போகச் சொல்லு." அப்போது அவர் குளியலறையில் இருந்தார். குழாய் திறந்திருந்தது.

பிறகு ஒரு மாலை, மேடம் முன்னங்கால்கள் இரண்டையும் மெத்தைமேல் வைத்துவிட்டு அப்படியே நின்றது. ஏறவில்லை. அவர் தூக்கப் போனார். கை வைத்ததும் அதன் உடம்பு கொதிப்பது தெரிந்து அவர் முகம் மாறியது. "மேடம், உங்கம்மாகிட்ட சொல்லுங்க..." என்று ஆரம்பித்தவர், நாய் கழுத்தைத் தொங்கப் போடுவதைப் பார்த்ததும் வாக்கியத்தை முடிக்காமல் போர்வையை எடுத்துச் சுற்றினார். அவள் வீட்டுச் சாவியை எடுத்தாள்.

மிருக ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். வயிற்றை அழுத்திப் பார்த்தபடியே கேள்வி கேட்டாள்.

"தண்ணி வழக்கத்தைவிட அதிகமா குடிக்கிறாளா?"

"இல்லையே" என்றாள் அவள். அதே நொடியில் அவர் "ஆமா" என்றார்.

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் டாக்டரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: "ராத்திரி நான் எழுந்து எழுந்து கிண்ணத்தை நிரப்பறேன். வச்சா காலி, வச்சா காலி."

"பின்பக்கம் கசிவு இருந்துச்சா? படுக்கையில கறை ஏதாவது?"

"அதெல்லாம் இல்ல" என்றார் அவர்.

"இருந்துச்சு" என்றாள் அவள். "விரிப்பை மாத்தி மாத்தித் துவைச்சேன். வயசானதால ஒண்ணுக்குப் போயிடுதுன்னு நெனச்சேன்."

டாக்டர் ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்திலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "ஒரே வீட்டுலதானே இருக்கீங்க?"

"ஒரே கட்டில்ல" என்றார் அவர்.

யாரும் சிரிக்கவில்லை.

"கர்ப்பப்பையில சீழ் பிடிச்சிருக்கு சார். தண்ணி ஒரு அறிகுறி, கறை ஒரு அறிகுறி. ரெண்டையும் சேர்த்து ஒருத்தர் சொல்லியிருந்தா இவ்வளவு தூரம் வந்திருக்காது. இப்ப ஆபரேஷன் பண்ணியே ஆகணும். பொழைச்சுக்குவாளான்னு என்னால சொல்ல முடியாது." கையுறையைக் கழற்றிக்கொண்டே சேர்த்துச் சொன்னாள்: "அவளுக்குத்தான் வாய் இல்ல. உங்க ரெண்டு பேருக்கும் இருக்குல்ல?"

உள்ளே தூக்கிப் போகும்போது மேடம் அவரைப் பார்த்தது, பிறகு அவளைப் பார்த்தது. யாருக்கு என்ன சொல்ல வேண்டும் என்று கேட்பது போலிருந்தது.

திரும்பி நடக்கும்போது நாய்ச்சங்கிலி அவர் கையில் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. இருவருக்கும் நடுவில் ஒரு நாய் நடக்கிற அளவு இடம் விட்டே நடந்தார்கள்.

வீட்டில் அவர் ஏதோ சொல்ல வாயெடுத்து, வழக்கம்போலக் கீழே தரையைப் பார்த்தார். அங்கே யாரும் இல்லை. வாயை மூடிக்கொண்டார். அவளுக்கும் அதே கதிதான். சமைக்கட்டுமா வேண்டாமா என்று கேட்பதற்கு வழி தெரியாமல் அடுப்பின் முன்னால் நின்றாள். இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு, ஒரு மனிதரிடம் நேராக ஒரு வார்த்தை கேட்பது முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுவது போலக் கூச்சமாக இருந்தது.

மகள் போன் செய்தாள். "மேடம் எப்படிம்மா இருக்கா?"

ஆபரேஷன் முடியட்டும் என்று நினைத்து, "நல்லா இருக்கா" என்றாள்.

"அப்பா?"

"அப்பாவுக்கென்ன, நல்லா இருக்காரு" என்று நாக்கு தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவளுக்கே கேட்டது. அவர் எப்படி இருக்கிறார் என்று உண்மையில் அவளுக்குத் தெரியுமா? போனைக் காதில் வைத்தபடியே கூடத்தைப் பார்த்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தார். ரொம்ப நாள் பழகிய தேய்ப்பாக அது இருந்தது.

அன்று இரவு கட்டில் அகலமாகிவிட்டது. அவர் அவருடைய ஓரத்திலும் அவள் அவளுடைய ஓரத்திலும்தான் படுத்தார்கள். நடுவில் விரிப்பு கசங்காமல் கிடந்தது. ஒருவர் மூச்சு மற்றவருக்குக் கேட்டது.

"மேடம், உங்கம்மாகிட்ட..." என்று இருட்டில் அவர் குரல் வந்தது. பழக்கம். அவரே திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார்.

அவள் காத்திருந்தாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"என்னது?"

"அவகிட்ட சொல்ல வந்தத என்கிட்ட சொல்லுங்க."

"ஒண்ணுமில்ல."

"கைதானே?"

அவர் மல்லாந்து படுத்தார். பிறகு, "மரத்துப்போகுது" என்றார். "மேல கையைத் தூக்கி வேலை செஞ்சா விரல் இருக்கா இல்லையான்னே தெரியல. லிஃப்ட் குழிக்குள்ள நிக்கும்போது ஸ்பேனரை விட்டுட்டேன். நல்லவேளை, கீழ யாரும் இல்ல."

"எப்பலேர்ந்து?"

"மேடத்துக்குத் தெரியும்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"தினம் ராத்திரி அவ காதுல சொல்லிட்டுத்தான் தூங்குவேன். உங்கம்மாகிட்ட சொல்லுங்கன்னு. நீ தூங்கிட்டிருப்ப."

"நான் எங்க தூங்கினேன்? கண்ணை மூடிட்டுப் படுத்திருப்பேன். நீங்க முணுமுணுக்கறது கேக்கும், என்னன்னு புரியாது. உங்களுக்குள்ள ஏதோ ரகசியம்னு நெனச்சுப்பேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "பொறாமையா இருக்கும்."

"நாய் மேலயா?"

"பின்ன? நீங்க 'ங்க' போட்டுப் பேசற ஒரே ஆளு அவதானே."

இருட்டில் அவர் சிரித்த சத்தம் கேட்டது. சிரிப்பு பாதியில் உடைந்தது. "நான் பேசாததாலதான் அவ அங்க கெடக்கறா" என்றார்.

"நானும்தான்."

அவள் கையை நீட்டினாள். நாய் இல்லாத அந்த வெற்றிடம் அவள் நினைத்ததைவிடக் குறுகலாக இருந்தது. அவருடைய இடது கையைப் பிடித்து விரல் விரலாக அழுத்தினாள். பகலெல்லாம் யார் யாரிடமோ கேட்கிற கேள்விதான் வாயில் வந்தது.

"வலிக்குதா?"

"இங்க இல்ல. இன்னும் மேல."

அவர் கேட்டார்: "உனக்கு ஏதாவது இருக்கா? அவகிட்ட சொன்னது?"

சொல்ல எவ்வளவோ இருந்தது. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல், "எனக்கு ரொம்பத் தனியா இருக்குங்க" என்று மட்டும் சொன்னாள். அவர் கை அவள் கையை இறுக்கியது. மரத்துப்போன கைதான்.

மேடம் பிழைத்துக்கொண்டது. வயிற்றில் தையலும் கழுத்தில் பிளாஸ்டிக் வளையமுமாக, முன்னைவிட அதிகாரத்தோடு வீட்டுக்கு வந்தது. அவரும் டாக்டரிடம் போனார். அவள் கூடவே போனாள். கழுத்தெலும்பில் நரம்பு அழுந்தியிருக்கிறது, இன்னும் நாள் கடத்தியிருந்தால் கை விளங்காமல் போயிருக்கும் என்றார்கள்.

விசாரிக்க வந்த நாத்தனார் வழக்கம்போலப் படுக்கையறையை எட்டிப் பார்த்தாள். தையல் ஆறிய மேடம் கட்டிலில்தான் கிடந்தது. ஆனால் சுவரோரமாக.

"இவ்வளவு பட்டும் புத்தி வரல. இன்னும் நாயைக் கட்டில்லதான் போட்டுக்கறீங்களா?"

சமையலறையில் டீ கலக்கிக்கொண்டிருந்தவளின் கை நின்றது. அவர் என்ன சொல்லப்போகிறார் என்று காது கொடுத்தாள்.

"அவ கட்டில்ல படுக்கறதுல ஒரு தப்பும் இல்லக்கா" என்றார் அவர். "நாங்க அவளை நடுவுல படுக்க வச்சோம் பாரு, அதுதான் தப்பு. பக்கத்துல இருக்கற மனுஷங்ககிட்ட சொல்ல வேண்டியத அவங்ககிட்டயே சொல்லிடணும். நமக்காக வேற யாரும் கொண்டுபோய்ச் சேர்க்க மாட்டாங்க."

பிறகு, நாயைப் பார்க்காமல், சமையலறைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்:

"ஏம்மா, எனக்குக் கொஞ்சம் சர்க்கரை தூக்கலா போடுங்க."