முன்னால் இன்ஜினியர், பின்னால் யாழினி

“‘டாக்டர்’ங்கறத மட்டும் சுரண்டுனாப் போதுமுங்களாண்ணா, இல்ல பேரையும் சேத்தா?” என்று லாரியின் பின்கதவைக் காட்டிக் கேட்டார் பெயிண்டர் காளிதாஸ். ஒரு கையில் தகடு, மறு கையில் டர்பன்டைன் டப்பா.

“அது மட்டும் போதும். இன்னிக்குச் சுரண்டிப்போட்டு நாளைக்குப் பெயிண்ட் அடிச்சிரு. நாளைக்குச் சாயங்காலம் முட்டை லோடு ஏத்தோணும்,” என்றார் லாரிக்காரர் தனசேகர்.

சமையலறையில் வெண்டைக்காய் அரிந்துகொண்டிருந்த மகள் யாழினி கத்தியை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தாள். சுரண்டப்போவது அவளுடைய டாக்டர் பட்டத்தை. அதை அவள் வாங்கவே இல்லை என்பது வேறு விஷயம்.

நாமக்கல், சேலம் பக்கத்தில் லாரி வாங்கினால் பிள்ளைகள் பெயரை எழுதாமல் சாவியைத் தொட மாட்டார்கள். தனசேகர் ஒருபடி மேலே போனார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் புது லாரி வந்தபோது மகன் கல்லூரியில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. லாரியின் நெற்றியில் ‘இன்ஜினியர் சபரிநாதன்’ என்று சிவப்பில் எழுதச் சொன்னார். மகள் அப்போதுதான் பதினொன்றாம் வகுப்பு. பிரசவத்தில் திணறிய ஆட்டை ஒரு கால்நடை டாக்டரம்மா வந்து காப்பாற்றியதைப் பார்த்த நாளிலிருந்து, தானும் அப்படியாக வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொன்னது போதாதா? பின்கதவில் ‘டாக்டர் யாழினி’ ஏறிவிட்டது. பரீட்சை எழுத வேண்டியது மட்டும்தான் பாக்கி.

எழுதினாள். நன்றாகவே எழுதினாள். ஆனால் கால்நடை மருத்துவத்துக்கான கட்ஆஃப் அவளைவிட மூன்றரை மதிப்பெண் மேலே போய் நின்றுகொண்டது. அன்று முதல் வெண்ணந்தூர் டீக்கடைகளில் தனசேகருக்குப் போதாத காலம். “ஏனுங்க, கோழிக்குச் சளி புடிச்சிருக்குது, உங்க டாக்டரைக் கூட்டியாரலாமுங்களா?” என்பார்கள். ஒரு வாரம் பொறுத்தவர், பெயிண்டருக்குப் போன் போட்டுவிட்டார்.

காளிதாஸ் லாரியைச் சுற்றி வந்து நெற்றியை அண்ணாந்து பார்த்தார்.

“முன்னாடி இருக்கறதுங்ண்ணா? தம்பி படிப்ப முடிச்சிருச்சுங்களா?”

“முடிச்சிருவான். நீ பின்னாடிய மட்டும் பாரு.”

சபரிநாதனுக்குப் பன்னிரண்டு அரியர் இருந்தன. மணி பத்தரை ஆகியும் இன்ஜினியர் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்.

“அப்பா,” என்றாள் யாழினி, கைப்பேசியை நீட்டி. “சேலத்துல கவர்மென்ட் காலேஜுல விலங்கியல் கெடைச்சிருக்குதுங்ப்பா. நாளைக்குப் பத்து மணிக்குச் சேரோணும். பெத்தவங்க வந்து கையெழுத்துப் போடோணுமாம். வாரீங்களா?”

“நாளன்னிக்கு வெள்ளிக்கெழம சாமி. பொண்ணு பாக்க வாராங்கன்னு தெரியுமில்ல?”

யாழினிக்குப் பதினெட்டு முடிந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கட்ஆஃப் வந்த அன்று மாலையே அவளுடைய ஜாதகம் பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது. தரகர் கண்ணுசாமி அதற்காகவே காத்திருந்ததுபோல் ஒரு வரனோடு வந்தார்.

“பையன் டிப்ளமோ கண்ணு. நீ டிகிரின்னு போனா அவனுக்கு மேல போயிருவியாம். ஜோடி சரிவராதுன்னு கண்ணுசாமி சொல்றான்.”

“அண்ணன் ப்ளஸ் டூவுல ரெண்டு பாடத்துல பெயிலானான். மறுபடி எழுதிப் பாசானதும், சோளக்காட்டுல பாதிய வித்துட்டு ஒரு மாசம் காலேஜ் காலேஜா அலைஞ்சீங்க. எனக்கு ஒருநாள் வரக்கூடாதுங்களா?”

“அவன் பையன். நாளைக்குப் பொழைக்கோணுமில்ல?”

“நான் பொழைக்க வேண்டாமுங்களா?”

தனசேகர் கெட்டவர் இல்லை. கேரளாவுக்கு லோடு போய்த் திரும்பும்போதெல்லாம் மகளுக்கென்று நேந்திரம் சிப்ஸ் வாங்காமல் வந்ததில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குப் பதில் அவரிடம் இல்லை. அவருடைய அப்பாவிடமும் இருந்திருக்காது. பதில் இல்லாதபோது வீட்டு ஆண்கள் செய்வதைச் செய்தார். “டீ என்னாச்சு?” என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்.

டீ வந்தது. கொண்டுவந்தவள் யாழினியின் அம்மா சுகன்யா. பெற்றவர்கள் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற சொல் அவள் காதில் விழுந்துவிட்டது.

மறுநாள் காலை எட்டு மணிக்குத் தாயும் மகளும் சேலம் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தார்கள். தனசேகர் பண்ணைக்கு முட்டை பேசப் போயிருந்தார். சுகன்யா கல்யாணத்துக்குக் கட்டும் பச்சைப் பட்டைக் கட்டியிருந்தாள். “காலேஜுக்கு எதுக்கும்மா பட்டு?” என்று யாழினி சிரித்தாள்.

“நான் எப்பப் போயிருக்கேன் காலேஜுக்கு? கட்டிக்கறேன் போ.”

கல்லூரியில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பேராசிரியை சான்றிதழ்களைப் பார்த்தார். “நல்ல மார்க்தானே. அப்பா வரலையா?” என்றார்.

சுகன்யா ஓரடி முன்னால் வந்தாள். “அவரு லோடுக்குப் போறவருங்க. நான் அம்மா. நான் போட்டாச் செல்லாதுங்களா?”

“தாராளமாச் செல்லும்மா. இங்க போடுங்க.”

சுகன்யா ஒவ்வொரு எழுத்தாகப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தவள் வேப்பமரத்தடியில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “செல்லும்னு இத்தன வருஷமாத் தெரியாமப் போச்சே கண்ணு,” என்றாள். யாழினி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் அழுகை வந்தது, பசியும் வந்தது. பஸ் ஸ்டாண்டில் ஆளுக்கு ஒரு தட்டுவடை செட் சாப்பிட்டார்கள்.

அவர்கள் திரும்பியபோது லாரியின் பின்கதவில் நீல பெயிண்ட் பளபளத்தது. காளிதாஸ் பிரஷைக் கழுவிக்கொண்டிருந்தார். தனசேகர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

“எங்க போயிட்டு வாரீங்க, பட்டெல்லாங் கட்டிக்கிட்டு?”

“பாப்பாவக் காலேஜுல சேத்திட்டு வாரனுங்க,” என்றாள் சுகன்யா. “நாளைக்கு வர வேண்டாமுன்னு கண்ணுசாமியண்ணனுக்குப் போன் பண்ணிச் சொல்லிப்போட்டேன். மூணு வருஷம் பொறுக்கறவங்க பொறுக்கட்டும்.”

தனசேகர் வாயைத் திறப்பதற்குள் அவள் பெயிண்டர் பக்கம் திரும்பினாள்.

“காளிதாசண்ணா, அந்த டப்பாவுல இன்னும் பெயிண்ட் இருக்குதுங்களா? முன்னாடி ‘இன்ஜினியர்’ங்கறதையும் அழிச்சிருங்க. பையன் பேரு இருக்கட்டும்.”

“அடியே, அது பையன் படிப்பு!” என்று கத்தினார் தனசேகர்.

“படிச்சதுக்கப்பறம் எழுதிக்கலாமுங்க. பாப்பாவோடதையும் படிக்கலைன்னுதான அழிச்சீங்க?”

காளிதாஸ் பிரஷோடு நெற்றியைப் பார்த்தார், தனசேகரைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். தனசேகர் கதவை இழுத்துத் திறந்து வண்டியில் ஏறினார். “லோடுக்கு நேரமாச்சு,” என்று யாருக்கோ சொல்லிவிட்டு ஸ்டார்ட் செய்தார். சத்தத்தில் விழித்த இன்ஜினியர் கண்ணைத் தேய்த்துக்கொண்டு வந்து, “என்னம்மா சத்தம்?” என்றான்.

நெற்றியில் சிவப்பு ‘இன்ஜினியர்’ மின்ன, லாரி தெருமுனையில் திரும்பியது. திரும்பும்போது பின்கதவு தெரிந்தது. நீலத்தின் மேல் தனியாக ‘யாழினி’ என்று மட்டும் இருந்தது.

“மொட்டையாத் தெரியுதே கண்ணு,” என்றாள் சுகன்யா.

“இருக்கட்டுமுங்ம்மா,” என்றாள் யாழினி. “அந்த லாரியிலயே அது ஒண்ணுதான் நெசம்.”