சட்டகத்தின் கீழ் ஓரம்

ஏரி நீளவாக்கில் படுத்திருக்கிறது. அதை எடுக்கும் போனையும் படுக்க வைப்பதுதான் முறை என்பது காலண்டர்க்காரரின் கட்சி. ஓய்வு பெறும்வரை ஒரு காலண்டர் அச்சகத்துக்கு மலையும் ஏரியும் சாலையும் எடுத்துக் கொடுத்தவர் என்பதால் தெருவில் அவருக்கு அந்தப் பெயர். அச்சகத்தில் படுக்கைப் படம் மட்டுமே செல்லும். அதிலும் கீழ்ப்பகுதியைத் தேதித்தாள்கள் மறைத்துவிடும். அதனால் படம் எடுக்கும்போது இடது ஓரம், வலது ஓரம், மேலே மேகம் என்று பார்ப்பார். கீழ் ஓரத்தைப் பார்க்கும் பழக்கமே அவருக்கு வரவில்லை.

மனைவி இறந்தபின், வெளிநாட்டில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் மகள் தன்னோடு வந்துவிடச் சொன்னாள். அவர் மறுத்தார். பெரிய வாக்குவாதத்துக்குப் பிறகு ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. தினமும் காலையில் ஏரிக்கரையிலிருந்து ஒரு படம் அனுப்ப வேண்டும்.

"படம் வந்தா நீங்க எழுந்து நடந்து நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம். வரலைன்னா அடுத்த பிளைட்ல வந்து பொட்டியோட உங்களைத் தூக்கிட்டுப் போயிடுவேன்."

மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடது முட்டி வீங்கியது. எலும்பு முறியவில்லை, ஓய்வெடுங்கள் என்றார் மருத்துவர். மகளிடம் அவர் மூச்சுவிடவில்லை. படுக்கையில் கிடந்த நாட்களில், போனில் சேர்ந்திருந்த பழைய படங்களை ஒவ்வொன்றாக அனுப்பினார். ஏரிக்குத் தேதி ஏது? அவளும் வழக்கம்போல் ஒரு கட்டைவிரல் பொம்மையைப் பதிலாக அனுப்பிக்கொண்டிருந்தாள்.

பிறகு மருந்துக்கடையில் ஒரு கைத்தடி வாங்கிக்கொண்டு மீண்டும் கரைக்குப் போனார். போனைப் படுக்கவைத்துப் பிடிக்க இரண்டு கையும் வேண்டும். தடியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்துவிட்டு, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு எடுப்பார்.

ஒருநாள் மகள் அழைத்தாள்.

"அப்பா, உங்க ஏரி என் போன்ல ரிப்பன் மாதிரி தெரியுது. மேலயும் கீழயும் ஒரே கறுப்பு. நிமிர்த்தி எடுங்களேன்."

"ஏரியே நிம்மதியா படுத்திருக்கு. அதை ஏம்மா எழுப்பச் சொல்ற?"

"ஏரி தூங்கட்டும். போனை எழுப்புங்க."

"நீ போனைத் திருப்பிப் பாரேன்."

"பஸ்ல நின்னுக்கிட்டுப் பாக்கறேன்பா. ஒரு கை மேல கம்பியில இருக்கும். எனக்கென்ன நாலு கையா?"

மறுநாள் காலை, அரை மனதோடு போனை நிமிர்த்தினார். ஒரு கையே போதுமாக இருந்தது. தடியை விட வேண்டியிருக்கவில்லை. முட்டிக்கு இதமாகக்கூட இருந்தது. நடுவில் ஏரி ஒரு பட்டையாகச் சுருங்கியது. மேலே வேண்டுமளவு வானம், கீழே கரையின் புல்சரிவு. இடம் பார்த்தார், வலம் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். எடுத்து அனுப்பிவிட்டார்.

"என்ன சார், இன்னிக்கு ஏரியை நிக்க வச்சுட்டீங்க?" என்று கேட்டார் கரையோரப் பூங்காவின் காவலாளி.

"மேலிடத்து உத்தரவு."

வீட்டுக்கு வந்து வானொலியைப் போட்டார். அதை அவர் கேட்பதில்லை, ஓடிக்கொண்டிருக்கும். கட்டிலில் மனைவி படுத்த பக்கத்தைக் கேமராப் பைகள் நிரப்பியிருந்தன. காபி குடித்த ஒற்றைக் கோப்பையைக் கழுவும்போது போன் ஒலித்தது. திரையில் மகள். அவளுக்குப் பின்னால், நோயாளிகள் பிடித்து நடக்கப் பழகும் இரட்டைக் கம்பிகள்.

"படம் அம்சமா வந்திருக்குப்பா. கீழ உங்க நிழல்கூட விழுந்திருக்கு."

அவருக்குச் சுருக்கென்றது. முதல் நாள் கேமரா பிடித்தவன் செய்யும் தப்பு.

"நிழலுக்கு மூணு கால் இருக்கே?"

"அது... ஸ்டாண்டும்மா. கேமரா ஸ்டாண்ட்."

"ஸ்டாண்டுக்கே மூணு கால். உங்களுக்கு ரெண்டு. அஞ்சுல்ல வரணும்? நாள் பூரா காலையே பாத்துக்கிட்டிருக்கறவகிட்டயா இந்தக் கதை?"

அவர் குழாயை மூடினார்.

"எப்ப விழுந்தீங்க?"

"மழை சமயத்துல."

"நடுவுல வந்த படமெல்லாம்?"

"பழசு."

அவள் திரையிலிருந்து விலகிக்கொண்டாள். கம்பிகள்தான் தெரிந்தன.

"அங்க யாருப்பா இருக்கா உங்களுக்கு?"

சமையலறை வாசலிலிருந்து அவர் வீட்டைப் பார்த்தார். கட்டில், பைகள், வானொலி. இல்லாத ஒருவரை இருப்பதாகச் சொல்ல மனம் வரவில்லை.

"யாரும் இல்லதான். ஆனா இங்க யாரும் இல்லாதது எனக்குப் பழகிடுச்சும்மா. அங்க வந்தா, நீ வேலைக்குக் கிளம்பினப்புறம் யாரும் இல்லாம இருக்கறதுக்கு முதல்லேருந்து பழகணும்."

உள்ளேயிருந்து யாரோ அவளைக் கூப்பிட்டார்கள்.

"எந்தக் கால்ல அடி?"

"இடது முட்டி."

"அப்புறம் ஏன் தடி இடது கையில இருக்கு? வலிக்கற காலுக்கு எதிர்க்கையில பிடிக்கணும்பா!"

"வலது கையில போன் இருந்துச்சு."

"தடி முதல்ல, போன் அப்புறம். நாளைக்கும் நிமிர்த்தியே எடுங்க. ஏரி வராட்டிக்கூடப் பரவாயில்ல, நிழல் முழுசா வரணும். நீங்க எப்படி நிக்கறீங்கன்னு பாத்துட்டுத்தான் பொட்டியா இல்லையான்னு சொல்லுவேன்."

மறுநாள் சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்றார். தடி வலது கையில். பழகாத இடது கையில் போன் நடுங்கியது. பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டவில்லை. எப்படியோ அழுத்திவிட்டுப் பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அச்சகமாக இருந்தால், ஏரி கொட்டிவிடும் என்று சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பார்கள். அவரும் இப்படி ஒன்றை யாருக்கும் கொடுத்ததில்லை. ஆனால் இம்முறை முதலில் கீழ் ஓரத்தைத்தான் பார்த்தார். தலை முதல் கால் வரை நிழல் முழுதாக இருந்தது. தடியும் இருந்தது, வலப்பக்கம்.

சரிசெய்யாமல் அனுப்பினார்.

அவள் பஸ்ஸில் இருக்கும் நேரம். பதில் உடனே வந்தது.

"நாளைக்கும் இதே மாதிரி."

மீண்டும் ஒருமுறை படித்தார். பெட்டி இல்லை. அவர் கேட்டது கிடைத்துவிட்டது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பழக்கத்தில் இடப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம் பார்த்தார். கரை இரண்டு பக்கமும் நீளமாகக் காலியாகக் கிடந்தது.