மூடப்பட்டது என்று எழுதியவள்

1999 மார்ச்சில் ஏற்காடு ஒண்டிக்கடைப் பக்கமிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் தேவகுமாரிக்குக் கிடைத்த வேலை ஒன்றும் மலையைப் புரட்டும் வேலையல்ல. சென்னை டிராவல்ஸ் கம்பெனி ஒன்று மலை லாட்ஜுகளின் பட்டியலை அனுப்பியிருந்தது. ஒவ்வொரு லாட்ஜின் இணையப் பக்கத்தையும் மூன்று நாள் திறந்து பார்க்க வேண்டும். மூன்று நாளும் திறக்காவிட்டால் எதிரே ‘மூடப்பட்டது’ என்று எழுத வேண்டும். அதை வைத்துத்தான் டூரிஸ்டுகளுக்கான சீசன் புத்தகம் அச்சடிப்பார்கள்; மூடப்பட்ட லாட்ஜ் அதில் வராது.

கொட்டச்சேடு சிங்கராயரின் லாட்ஜ் பக்கம் மூன்று நாளும் திறக்கவில்லை. ஏன் என்று அவளுக்குத் தெரியும். அவர் மனைவி சாந்தாமேரி இறந்து இருபது நாள்கூட ஆகவில்லை. நாற்பதாம் நாள் ஜெபம்வரை தொழில் கூடாது என்று லாட்ஜைப் பூட்டியவர், பக்கம் செய்துகொடுத்த சேலத்துக்காரருக்கும் போன் போட்டார். “அதையும் சாத்திப் போடுங்க. துக்க ஊட்டுல கடை விரிச்சு வெக்கறதா?” கம்ப்யூட்டரிலும் துக்கம் காத்த மனுஷன் இந்த மலையிலேயே அவர் ஒருவர்தான்! துக்கம் விசாரிக்கப் போன தேவகுமாரி அப்போது பக்கத்தில்தான் நின்றாள்.

இருந்தும் ‘மூடப்பட்டது’ என்றே எழுதினாள். ஊர்க்காரருக்குச் சலுகை காட்டினாள் என்று கம்பெனி நினைத்துவிட்டால்? அந்த அசட்டு ரோஷம்தான். ஒரு வரி சேர்த்து எழுதியிருந்தால் கையா தேய்ந்துபோயிருக்கும்?

மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு ஏற்காடு நிரம்பி வழிந்தது. அந்த ஒரு மாதத்தை நம்பித்தான் சிங்கராயரின் வருஷமே ஓடும். நாற்பது நாள் கழித்து லாட்ஜைத் திறந்தும் ஐந்து அறைக்கும் ஆளில்லை. பதறிப்போய் தேவகுமாரி கம்பெனிக்குப் போன் செய்தாள். புத்தகம் அச்சாகிப் போய்விட்டது, இனி அடுத்த வருஷம்தான் என்றார்கள். மறுநாள் சிங்கராயரே சென்டருக்கு வந்தார்.

“ஏங்கண்ணு, நம்ம பக்கம் தொறக்குதான்னு பாரு.”

“நல்லாத் தொறக்குதுங்க மாமா.”

“அப்பறம் ஏன் ஒருத்தருமே போன் பண்ணல? நாந்தான் ஏதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டனா?”

உண்மை அவள் நாக்கு நுனிவரை வந்தது. “இந்த வருஷம் சீசனே டல்லுங்க மாமா” என்றாள். வாசலில் டூரிஸ்ட் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன. அவர் அவளைத்தான் நம்பினார்.

ஜூலையில் லாட்ஜை விற்றுவிட்டுச் சேலத்தில் மகள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார். வாங்கியவர் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்.

ஆகஸ்டில், மூடப்பட்ட லாட்ஜுகளை இன்னொரு முறை பார்க்கச் சொல்லிக் கம்பெனி பட்டியல் அனுப்பியது. பக்கத்தைச் சாத்தச் சொல்ல இந்த முறை சிங்கராயருக்குத் தோன்றவில்லை போலும். மூன்று நாளும் அது பளிச்சென்று திறந்தது. ஐந்து அறைகள், வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கும் சாந்தாமேரி. கம்பெனி விதிப்படி அதற்கு எதிரே எழுத வேண்டியது, ‘இயங்குகிறது’.

“பாவி, பாவி” என்று தன்னையே திட்டிக்கொண்டு அழுதாள் தேவகுமாரி.