பாமினி இல்லாத கடை

போன வருடத்துத் திருவிழா அழைப்பிதழைக் கலாராணி திறந்தபோது திரையில் ஓர் எழுத்துக்கூடத் தமிழாக இல்லை. ஆங்கில எழுத்துகள் பெரிதும் சிறிதுமாகக் கலந்து, நடுநடுவே அரைப்புள்ளிகளைத் தூவிவிட்டாற்போல் பக்கம் முழுவதும் கிடந்தன. மேலே அம்மனின் படம் மட்டும் பழையபடி சிரித்துக்கொண்டிருந்தது. மூடிவிட்டு மறுபடி திறந்தாள். அதேதான். பின்னால் பெஞ்சில் வீரய்யா நனைந்த குடையை முழங்கால்களுக்கிடையே நிறுத்தி உட்கார்ந்திருந்தார். அவர் கண்ணில் படாமல் நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்து, தோளால் திரையை மறைத்துக்கொண்டாள்.

வீரய்யா பசறைப் பக்கத்துத் தோட்டத்துக் கோயில் கமிட்டித் தலைவர். வருடாவருடம் அழைப்பிதழை இந்தக் கடையில்தான் அடிக்கக் கொடுப்பார். அவர் கொண்டுவருவது ஒரு துண்டுக் கடதாசிதான். அதில் புதிய தேதியும், செத்துப்போனவர்களுக்குப் பதிலாக வரும் பெயர்களும் இருக்கும். மற்றதெல்லாம் கணினிக்குள் இருப்பது. தோட்டத்து வீட்டு வரிசைகளான லயங்களில் எந்த லயத்துக்கு எந்த நாள் உபயம், யார் பெயருக்குக் கீழே யார் பெயர் என்பதெல்லாம் பல வருடச் சண்டைக்குப் பிறகு முடிவான வரிசை. ஒரு தடவை இரண்டு பெயர்கள் இடம் மாறி அச்சாகி, மேட்டு லயத்து ஆட்கள் தேரில் கை வைக்க மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். அதிலிருந்து வீரய்யா வந்து உட்கார்ந்ததும் சொல்வது ஒன்றுதான்.

"போன வருசம் எப்புடி இருந்துச்சோ அப்புடியே இருக்கணும் புள்ள. ஒரு எழுத்து அங்க இங்க போவக் கூடாது. நாளைக்குக் காலையில பிரஸ்காரன் கையில குடுக்கணும்."

"ஆமாங்க" என்றாள் கலாராணி, திரும்பாமல்.

கடையிலிருந்த இரண்டு கணினிகளையும் விண்டோஸிலிருந்து வேறொன்றுக்கு மாற்றியது அவள்தான். அதற்கு முந்திய ஐப்பசியில் விண்டோஸ் பத்துக்கு இனிமேல் பாதுகாப்பு அப்டேட் வராது என்று ஆகிவிட்டிருந்தது. பதினொன்றைப் போடப் பார்த்தால், இந்தக் கணினி அதற்குத் தகுதியில்லை என்று அதுவே சொல்லி நிறுத்திவிட்டது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற பெட்டி ஒரு நாளில் எப்படித் தகுதியில்லாமல் போகும் என்று கலாராணிக்கு விளங்கவில்லை. ஆனால் ஊரில் இருக்கிற எல்லாப் பென்ட்ரைவும் வந்து போகிற கடையில், பூட்டில்லாத கதவை வைத்துக்கொண்டிருக்க முடியாது என்பது மட்டும் விளங்கியது. அதே மாதம் எதிர்ப்பக்கம் சுரேஸ் ஒரு கணினிக் கடை திறந்தான். கண்ணாடிக் கதவு, மெல்லிய கறுப்புக் கணினித் திரைகள், 'விண்டோஸ் 11' என்று இரவிலும் எரிகிற நீல விளம்பரப் பலகை. தட்டச்சுக்கு வந்த ஆட்கள் ஒவ்வொருவராக ரோட்டைக் கடந்தார்கள்.

கடை முதலாளி ஜௌபர் நானா கெட்டவர் இல்லை. கணக்காக யோசிக்கிறவர். "புதுப் பொட்டி எடுக்க நம்மால ஏலா புள்ள. டைப் மேசையத் தூக்கிட்டு போன் கவர் மாட்டினா அது பாட்டுக்கு யாவாரமாகும்" என்று ஒருநாள் சொன்னார். போன் கவர் விற்க அவருடைய மருமகன் போதும். மேசை போனால் கலாராணியும் போக வேண்டியதுதான். வீட்டில் அவளுக்குத் தெரியாமலே கொழும்பில் ஒரு பங்களாவுக்குப் பேசி வைத்திருந்தார்கள். குழந்தை பார்க்கிற வேலை, தங்கி இருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டது அவள் கையில் இருக்கவில்லை. இந்த மேசையை விடுவதும் விடாததும் அவள் கையில் இருந்தது. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாதவள், அன்றைக்குத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நானா, காசில்லாம போடுற ஒண்ணு இருக்கு, லினக்ஸ்னு. பழைய பொட்டியிலயும் ஓடும். ஒரு தடவ போட்டுப் பாக்குறேன்" என்று கேட்டுவிட்டாள்.

அவர் அவளை ஒருமுறை பார்த்தார். "போடுறதுன்னா ரெண்டுக்கும் போடு. ஒண்ணு பழசு ஒண்ணு புதுசுன்னு வச்சா வாரவன் குழம்புவான். ஆனா இஞ்ச பாரு, இதுக்குப் பிறகும் ஒரு கஸ்டமர் அங்கால போனா மேசையத் தூக்கிடுவேன். பிறகு என்னைய ஏசப்படாது."

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமைதான் போட்டு முடித்தாள். கடையின் கோப்புகளையெல்லாம் முன்கூட்டியே நகல் எடுத்து வைத்தாள். போட்டபின் பிரிண்டரை ஓட்டிப் பார்த்தாள், ஓடியது. செய்தித்தளம் ஒன்றைத் திறந்தாள், தமிழ் பளிச்சென்று வந்தது. அத்தோடு திருப்திப்பட்டு வீட்டுக்குப் போனவள்தான் இப்போது அரைப்புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில், கோப்பு கெட்டுவிட்டது என்றே நினைத்தாள். முதல் வரியையே வெறித்துக்கொண்டிருந்தாள். எம், பெரிய யூ, எஸ், அரைப்புள்ளி. மேசை விளிம்பில் கிடந்த விரல்கள் அவளைக் கேட்காமலே அவற்றைத் தட்டின. தட்டியபோது காதுக்குள் 'அருள்' என்றது. அடுத்த மூன்றையும் தட்டினாள். 'மிகு'. அவள் மூச்சை விட்டாள். ஒன்றும் கெடவில்லை. எல்லாம் அங்கேயேதான் இருக்கிறது.

பாமினி இல்லை, அவ்வளவுதான். பாமினியில் அடிக்கும்போது உள்ளே போவதெல்லாம் ஆங்கில எழுத்து. அதற்குத் தமிழ் முகம் போட்டுக் காட்டுவது பொன்ட் எனப்படும் அந்த எழுத்துரு. தட்டச்சு பழகிய முதல் நாளிலிருந்து தமிழ் என்றால் அவளுக்குப் பாமினிதான். அதைத் தனியே எடுத்துவைக்க வேண்டிய ஒரு கோப்பாக அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. கடிதங்களையெல்லாம் பத்திரமாக மூட்டை கட்டிவிட்டுக் கண்ணாடியை மறந்து வந்தவளாக ஆகியிருந்தாள். இன்டர்நெட்டில் ஒரு நிமிட வேலை. ஆனால் மத்தியானம் இடித்த இடியில் லைன் போயிருந்தது. போனிலும் சிக்னல் இல்லை.

ஜௌபர் நானா கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்ன புள்ள, சீன பாஷையா வருது?" என்று மெல்லக் கேட்டார். அவள் விவரத்தைச் சொன்னாள். அவர் எதிர்க்கடையின் நீல வெளிச்சத்தைப் பார்த்தார். கலாராணி பென்ட்ரைவை எடுத்துக்கொண்டு, "தண்ணி குடிச்சிட்டு வந்துர்றேங்க" என்று வீரய்யாவிடம் பொய் சொல்லிவிட்டு மழையில் இறங்கினாள்.

சுரேஸும் அவளும் ஒரே வகுப்பில் தட்டச்சு பழகியவர்கள். அவளைக் கண்டதும் சுழல்நாற்காலியில் ஒரு சுற்றுச் சுற்றினான்.

"வாங்க மேடம். லினக்ஸ் கம்பனி நம்ம கடைக்கெல்லாம் வந்திருக்கு."

"பாமினி பொன்ட் வேணும்."

"பொன்ட் இல்லாமயா தமிழ்க் கடை நடத்துறீங்க? அரிசி இல்லாத சோத்துக்கடை மாதிரி இருக்கே." கூட இருந்தவன் சிரித்தான். சுரேஸ் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தான். "அங்க ஒக்காந்திருக்கிறது வீரய்யா மாமாதானே. ஒண்ணு செய். பொன்ட் எதுக்கு, அவரையும் பைலையும் இங்க அனுப்பு. பத்து நிமிசத்துல முடிச்சுக் குடுக்குறேன். நல்ல பிரிண்டும் வரும்."

"பொன்ட் மட்டும் தா சுரேஸ்."

"நா என்னா தர்மத்துக்கா கட போட்டிருக்கேன்?" கோபமில்லாமல்தான் சொன்னான். "உனக்கே தெரியும், அந்தப் பொட்டிங்க செத்துப்போச்சு. நீ அதுக்குச் சட்ட மாத்திக்கிட்டிருக்க. பேசாம இங்க வந்துரு, எனக்கும் டைப்புக்கு ஆள் வேணும்."

அவள் ஒரு நொடி நின்றாள். அங்கே வேலை இருக்கிறது, வெளிச்சம் இருக்கிறது, கொழும்புக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கறுப்புத் திரையும் இன்னும் சில வருடத்தில் ஒருநாள் தகுதியில்லை என்று சொல்லும். அன்றைக்குச் சுரேஸ் வேறொன்று வாங்குவான். வாங்க முடியாதவன் மேசையைத் தூக்குவான். ஓடுகிற பெட்டியை ஓடவைக்க முடியுமென்று சொல்லி, அதைத் தன் கையால் ஓடவைத்தவள் அவள். முதல் இடறலிலேயே ஆளையும் கோப்பையும் ரோட்டைக் கடத்திவிட்டு, பின்னாலேயே தானும் கடந்து வர அவளுக்கு மனம் வரவில்லை. "வாறேன்" என்று விடை மட்டும் பெற்றுக்கொண்டு இறங்கினாள்.

கடைக்கு வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். செய்தித்தளம் தமிழில் வந்ததே, அப்படியானால் இந்தப் பெட்டிக்குள் ஏதோ ஒரு தமிழ் இருக்கத்தான் வேண்டும். விசைப்பலகைப் பட்டியலுக்குள் போய் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். முதல் இரண்டும் விரலுக்குப் பிடிபடவில்லை. மூன்றாவதில் எம் விசையைத் தட்டியபோது 'அ' விழுந்தது. பழைய தட்டச்சு இயந்திரத்தின் வரிசை. அவளுடைய வரிசை.

அவள் எழுந்து வீரய்யா முன்னால் போய் நின்றாள். அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவது இதுதான் முதல் தடவை.

"ஐயா, ஒங்ககிட்ட மறைக்கல. பழைய பைல் இந்தக் கம்ப்யூட்டர்ல தமிழாத் தெரியல. ஆனா எல்லாம் உள்ள இருக்கு. நா ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுப் புதுசா அடிக்கணும். நேரம் எடுக்கும். எதிர்க்கடையில இப்பவே எடுத்துக்கலாம். நீங்க என்னா சொல்றீங்க?"

ஜௌபர் நானா கல்லாவைத் திறந்து ஒன்றும் எடுக்காமல் மூடினார். வீரய்யா எழுந்து வந்து திரையை உற்றுப் பார்த்தார்.

"இதையா படிப்ப?"

"ஆமாங்க."

"இதுல எங்க மேட்டு லயம் எங்க இருக்கு?"

அவள் நடுப்பக்கத்தில் ஓரிடத்தில் விரல் வைத்தாள். "இது மேட்டு லயம். அடுத்தது இராக்கம்மா குடும்பத்தார். அதுக்குக் கீழ பத்தாம் நம்பர் மல ஆளுங்க."

அவர் அரைப்புள்ளிகளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எனக்கு எறும்பு ஊர்ற மாதிரித்தான் தெரியுது" என்றார். போவதா இருப்பதா என்று தெரியாதவராய், குடையை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

கலாராணி உட்கார்ந்தாள். திரையைப் பாதியாகப் பிரித்து, இடப்பக்கம் பழையதையும் வலப்பக்கம் வெற்றுப் பக்கத்தையும் வைத்துக்கொண்டாள். விரல்கள் முதலில் முரண்டு பிடித்தன. கொம்பை முன்னால் அடித்துப் பழகியவை, இங்கே எழுத்துக்குப் பின்னால் அடிக்க வேண்டியிருந்தது. ஒரே விசையில் விழுந்த 'ரு'வைப் பிரித்துப் போட வேண்டியிருந்தது. இரண்டு தரம் அழித்தாள். மூன்றாம் தரம் கண் இடப்பக்கம் பார்க்க, கை வலப்பக்கம் போக, ஒரு வரி மெல்ல மெல்ல ஊர்ந்து வந்தது. எழுத்தின் அளவைப் பெரிதாக்கி நடுவுக்குக் கொண்டுவந்தாள்.

அருள்மிகு ஸ்ரீ முத்துமாரியம்மன் துணை.

பின்னால் ஈரச் சீமெந்துத் தரையில் ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. அவள் பக்கவாட்டில் பார்த்தாள். வீரய்யா ஒரு காலால் மற்றக் காலின் செருப்பை நெம்பிக் கழற்றி, இரண்டையும் பெஞ்சுக்கடியில் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு திரைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.